வடிவியல் சொற்களைக் கற்பிக்க எந்த வழி? சொல்லைப் பார்த்து முடிவெடுங்கள்

ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, "இதோட உச்சிகளைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பலர் மேலே இருக்கும் ஒரே முனையைத்தான் தொடுவார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளை செய்யும் பிழை இது. மலைக்கும் தலைக்கும் மரத்துக்கும் உச்சி மேலேதான். முக்கோணத்துக்கு மட்டும் மூன்று உச்சி, அதில் இரண்டு தரையோடு ஒட்டி என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படிப் பிடிபடும்?

தமிழ்வழியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வடிவியல் எடுக்கும் ஆசிரியருக்கு ஒவ்வோர் இயலிலும் இருபதை ஒட்டிய புதுச் சொற்கள் வந்து நிற்கின்றன. பாடவேளை முக்கால் மணி நேரம்கூட இல்லை. சொல்லைக் கற்பிக்க வரையறை எழுதிப்போடலாம், சொல்லைப் பிரித்துக் காட்டலாம், அட்டைகளைப் பிரிக்கச் சொல்லலாம், நான்கு கட்டம் போடலாம், பேசி வரையவைக்கலாம், சுவரில் ஒட்டலாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்து எல்லாச் சொல்லுக்கும் அதையே பின்பற்றுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது வரையறையாகவே இருக்கும். ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே இடத்தில் சறுக்குவதில்லை. எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிட்டால் எந்த வழி என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

சொல் எங்கே சறுக்குகிறது

முதல் வகை, தரையை நம்பி நிற்கும் சொற்கள். உச்சி, அடிப்பக்கம், உயரம், செங்குத்து, குத்தெதிர் கோணம். பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் மேல் கீழ் உண்டு, வடிவியலில் இல்லை. "செங்குத்தான பாறை" என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ஒற்றைக் கோடு நிமிர்ந்து நின்றாலே செங்குத்துதான். கணக்கிலோ செங்குத்து என்றால் இரண்டு கோடுகள் வேண்டும். இரண்டும் எப்படிச் சாய்ந்திருந்தாலும் நடுவே 90 பாகை இருந்தால் போதும். குத்தெதிர் கோணமும் இப்படித்தான். இரண்டு கோடுகள் வெட்டினால் அத்தகைய சோடிகள் இரண்டு உண்டாகும். "குத்து" என்ற சொல்லைக் கேட்டு மேலும் கீழுமாக உள்ள சோடியைக் கண்டுபிடிப்பவர்கள், இடமும் வலமுமாக உள்ள சோடியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் வகை, ஏற்கெனவே வேறு பொருள் குடியிருக்கும் சொற்கள். "ஒத்த கோணங்கள்" என்பதில் உள்ள "ஒத்த", பேச்சில் ஒற்றை: "ஒத்த ரூபா", "ஒத்த ஆளு". எழுத்துத் தமிழில் "போன்ற". பாடநூலில் இரண்டும் இல்லாமல் ஓர் இடத்தைக் குறிக்கிறது: இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு (குறுக்குவெட்டி) வெட்டும்போது, இரண்டு சந்திப்பிலும் ஒரே இடத்தில் நிற்கும் கோணங்கள். செங்கோணத்தில் உள்ள செம்மை நேர்மை, திருத்தம் என்ற பொருளில் வருவது. செம்மண், செந்தாமரை என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது சிவப்பு. குறுங்கோணம் என்றால் குட்டையான கைகள் கொண்ட கோணம் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதே 40 பாகைக் கோணத்தை 3 செ.மீ. கைகளோடும் 12 செ.மீ. கைகளோடும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் இரண்டாவதைப் பெரிய கோணம் என்பார்கள்.

மூன்றாம் வகை, உறவைச் சொல்லும் சொற்கள். நிரப்புக் கோணம் (இன்னொன்றோடு சேர்ந்து 90 பாகை ஆவது), ஒன்றுவிட்ட கோணம் (இரண்டு சந்திப்புகளில், குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது), வடிவொத்த முக்கோணம் (வடிவம் ஒன்றே, அளவு வேறாகலாம்). ஒரு பொருளைக் காட்டி "இதுதான் அது" என்று சொல்ல முடியாது. ஒருவரைத் தனியாக நிறுத்தி "இவர் மைத்துனர்" என்றால் யாருக்கு மைத்துனர் என்று கேட்போமே, அந்த மாதிரி. இந்தச் சொற்கள் வாய்வழிப் பயிற்சி இல்லாமல் தங்குவதில்லை.

வரையறையை முதலில் கொடுத்தால்

செலவு மிகக் குறைவு. தயாரிப்பு இல்லை, ஒரு சொல்லுக்கு மூன்று நிமிடம். ஆரம், நாண், வில், தொடுகோடு போன்ற வட்டச் சொற்களுக்கு இதுவே போதும். வட்டத்தைத் திருப்பினாலும் அது அப்படியேதான் இருக்கும் என்பதால் தரைச் சிக்கல் கிடையாது. தமிழும் இங்கே துணைக்கு வருகிறது: வில்லை வளைத்துக் கட்டினால் குறுக்கே நிற்பது நாண், சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போவது ஆரக்கால், ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் மரம் விட்டம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும், மறக்கவும் மறக்காது. ஒரு வரி மட்டும் விடாமல் சேர்க்க வேண்டும்: விட்டமும் ஒரு நாண்தான். சேர்க்காவிட்டால் நாணும் விட்டமும் வேறுவேறு இனம் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு "வட்டத்தின் மிகப் பெரிய நாண் எது" என்று கேட்டால் விழிப்பார்கள்.

நாற்கரங்களுக்கு வந்தால் இந்த வழி நொறுங்கிவிடுகிறது. "ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரம் சரிவகம்" என்ற வரியில் சோடி, எதிர்ப்பக்கம், இணை, நாற்கரம் என்று நான்கு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் அந்த வாக்கியம் வெறும் ஓசை. அதைப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, இணைப்பக்கங்கள் கிடையாக இல்லாமல் நெட்டாக நிற்கும் சரிவகத்தைக் காட்டினால் "இது இல்ல" என்று சொல்லும்.

ஏன் இப்படி என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1957இல் முனைவர் ஆய்வு முடித்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே கெல்டோஃப் தம்பதி நல்ல விளக்கம் தந்தார்கள். முதல் நிலையில் பிள்ளை வடிவத்தை அதன் தோற்றத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறது; அடுத்த நிலையில் பண்புகளைப் பார்க்கிறது; அதற்கும் அடுத்த நிலையில்தான் பண்புகளுக்குள் உள்ள தொடர்பும் வரையறையும் விளங்குகின்றன. ஆசிரியர் மூன்றாம் நிலையில் நின்று "சதுரம்" என்கிறார், மாணவர் முதல் நிலையில் நின்று அதே சொல்லைக் கேட்கிறார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே வரையறை தேவையில்லை என்று எண்ண வேண்டாம். அது வர வேண்டிய இடம் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடம்.

நேரமே இல்லை, வரையறையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். எழுதி முடித்ததும், "இதில் ஒரே ஒரு நிபந்தனை மட்டும் தவறும்படி ஒரு படம் வரை" என்று கேளுங்கள். வரைய முடிந்தவருக்குச் சொல் புரிந்திருக்கிறது.

சொல்லைப் பிரித்தல்

தமிழ்க் கலைச்சொற்களின் பெரிய வரம் இது. ஆங்கிலவழி மாணவர் ஐசாசெலிஸ் என்ற சொல்லை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். இரு + சம + பக்க + முக்கோணம் என்பது தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறது. கோண இருசமவெட்டி எதை வெட்டுகிறது, எத்தனையாக, எப்படி என்பது பெயரிலேயே இருக்கிறது. குறுக்குவெட்டி, கோட்டுத்துண்டு, சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் எல்லாம் இதே சாதி. வட்டத்துண்டு, வட்டக்கோணப்பகுதி என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டால் தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தைவிடத் தெளிவு: கோணம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று பெயரே காட்டிவிடுகிறது.

செய்யும் முறை: சொல்லைப் பலகையில் எழுதி இடையிடையே நெட்டுக் கோடு போட்டுப் பிரியுங்கள். பொருளை நீங்கள் சொல்ல வேண்டாம். "பேரைப் பார்த்து ஒரு படம் வரைங்க" என்று இரண்டு நிமிடம் விடுங்கள். நான்கைந்து படங்களைப் பலகையில் போட்டு, பெயருக்குப் பொருந்துகிறதா என்று வகுப்பையே தீர்ப்புச் சொல்ல வையுங்கள். இரு, மு, நாற், ஐ, அறு, சம, அசம, இணை, குறுக்கு, உள், வெளி, சுற்று என்று ஒரு டஜன் உறுப்புகள் பிடிபட்டால் பத்தாம் வகுப்பு வரை வரும் சொற்களில் பெரும்பகுதியை மாணவரே ஊகித்துவிடுவார். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஆனால் பிரித்தால் காலை வாரும் சொற்களும் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாய்சதுரம் இவற்றில் முதலாவது. சாய் + சதுரம் என்று பிரித்தால் சாய்ந்த சதுரம். உடனே, சதுரத்தை ஒரு மூலையில் நிற்க வைத்தால் அது சாய்சதுரமாக மாறிவிடுகிறது என்று மாணவர் நினைக்கிறார். திருப்பினால் சதுரம் சதுரமாகவே இருக்கும். அதைவிட ஆழமான இன்னொரு கேடும் உண்டு: பெயரைப் பார்த்தால் சாய்சதுரம் ஒருவகைச் சதுரம் என்று தோன்றுகிறது. உண்மை அதற்கு நேர் எதிர். நான்கு பக்கமும் சமமான நாற்கரம் சாய்சதுரம் என்றால், சதுரம்தான் ஒருவகைச் சாய்சதுரம். "சதுரம் எப்படிங்க சாய்சதுரம் ஆகும்" என்று அடம்பிடிக்கும் மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். யூக்ளிடே தம் முதல் நூலின் 22ஆம் வரையறையில், பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணம் அல்லாமலும் உள்ளதைத்தான் அந்தப் பெயரால் அழைத்தார். இன்றைய பள்ளிக் கணக்கு சதுரத்தையும் உள்ளே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: சாய்சதுரத்துக்கு நிறுவியது அனைத்தும் சதுரத்துக்கும் இன்னொரு முறை நிறுவாமலே பொருந்தும். அந்தக் காரணத்தைச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும்.

இருசமபக்க முக்கோணத்திலும் சிறு பொறி இருக்கிறது. "இரு" என்பதை "இரண்டே இரண்டு" என்று எடுத்துக்கொண்டு, சமபக்க முக்கோணம் இதில் சேராது என்பார்கள். "குறைந்தது இரண்டு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிரப்புக் கோணங்கள் என்றால் ஒன்றின் பக்கத்தில் ஒன்று ஒட்டி நின்றுதான் நிரப்ப வேண்டும் என்ற எண்ணமும் பெயரால் வருவதே. தாளின் ஒரு மூலையில் 35 பாகை, இன்னொரு மூலையில் 55 பாகை என்று தள்ளித் தள்ளி வரைந்து காட்டினால் அது போய்விடும்.

ஆம், இல்லை அட்டைகள்

தரையை நம்பி நிற்கும் சொற்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஓர் இயலுக்கு ஒரு வழிக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். தயாரிக்க அரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒருமுறை செய்தால் பல ஆண்டுகள் வரும். ஏ4 தாளில் பாதி அளவுள்ள அட்டைகள் 12 போதும். பழைய காலண்டர் அட்டையை வெட்டிக்கொள்ளலாம். தடித்த ஸ்கெட்ச் பேனாவால், எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வரையுங்கள். "ஆம்" அட்டைகள் மட்டும் நீலமாகவும் "இல்லை" அட்டைகள் மட்டும் சிவப்பாகவும் அமைந்துவிட்டால் மாணவர் நிறத்தைப் பார்த்தே சரியான விடை சொல்லிவிடுவார், நீங்களும் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள்.

செங்குத்து என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஆம்" அட்டைகள்: வழக்கமான கூட்டல்குறி, அதையே 30 பாகை சாய்த்து ஒன்று, ஒரு கோட்டின் முனை இன்னொன்றின் நடுவில் முட்டுவது, இரண்டும் முனையில் சந்தித்து மூலை போல் நிற்பது, ஒன்று மிக நீளமாகவும் மற்றது மிகக் குட்டையாகவும் உள்ளது, இப்போது தொடாவிட்டாலும் நீட்டினால் 90 பாகையில் சந்திக்கும் இரண்டு துண்டுகள். "இல்லை" அட்டைகள்: 80 பாகையில் வெட்டும் இரண்டு கோடுகள், அவற்றில் ஒன்று நேராக நிமிர்ந்திருக்கட்டும், 100 பாகையில் முட்டுவது, இணையான இரண்டு நெட்டுக் கோடுகள், 60 பாகையில் வெட்டுபவை, நேர்க்கோடு ஒன்றை வளைகோடு தொடாமல் செல்வது, எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒற்றைக் கோடு தனியாக நிமிர்ந்து நிற்பது. செங்குத்து என்பது இரண்டின் உறவு என்பதை அந்தக் கடைசி அட்டைதான் கற்றுத்தருகிறது.

நடத்தும் விதம் எளிது. பலகையை இரண்டாகப் பிரித்து "ஆம்", "இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். நான்கு அட்டைகளை நீங்களே பேசாமல் ஒட்டுங்கள், இரண்டு இங்கே, இரண்டு அங்கே. ஐந்தாவதிலிருந்து மாணவர் ஊகிக்கட்டும். சரியா தவறா என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். எட்டாவது அட்டைக்குப் பிறகு, "ஆம் பக்கம் இருக்கறதுக்கெல்லாம் பொதுவா என்ன" என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சண்டை வந்தால் அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். ஓரம் கிழிந்த ஏதாவது ஒரு தாளை ஒருமுறை மடித்து, அந்த மடிப்பு தன்மேலேயே படியும்படி மறுபடி மடித்தால் மூலை சரியாக 90 பாகை. ஓரம் நேராக உள்ள தாளைக் கொடுத்தால் தாளின் மூலையைத்தான் பயன்படுத்துவார்கள். கிழிந்த தாளில் மடிப்புத்தான் கோணத்தை உண்டாக்குகிறது என்பது கைக்கே தெரியும். இத்தனைக்கும் 15 நிமிடம். அதன் பிறகு வரையறை எழுதினால் அது மாணவரின் சொந்த வரியாக இருக்கும்.

இந்த வழி கெட்டுப்போகும் இடம் "இல்லை" அட்டைகள். அவசரத்தில் செய்தால் "இல்லை" பக்கம் வட்டமும் பூவும் வீடும் வந்துவிடுகின்றன. அவற்றை விலக்க எந்தப் பண்பையும் கவனிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு "இல்லை" அட்டையும் ஏதாவது ஓர் "ஆம்" அட்டையிலிருந்து ஒரே ஒரு பண்பில் மட்டும் மாற வேண்டும்; 90க்குப் பக்கத்தில் 80 அதனால்தான். முக்கோணத்தின் உயரத்துக்கு அட்டை செய்யும்போதும் கவனம் தேவை. எல்லாம் குறுங்கோண முக்கோணமாகவே இருந்துவிட்டால், உயரம் எப்போதும் உள்ளேதான் விழும் என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார். விரிகோண முக்கோணத்தில் மூன்று உயரங்களில் இரண்டு வெளியேதான் விழும், அதற்கு அடிப்பக்கத்தை நீட்ட வேண்டும். குறைந்தது மூன்று அட்டைகள் அதற்கு இருக்கட்டும். ஒட்டியபின் ஒரு அட்டையைக் கால் சுற்றுத் திருப்பி, "இப்ப அடிப்பக்கம் எது" என்று கேளுங்கள். எந்தப் பக்கமும் அடிப்பக்கம் ஆகலாம் என்று யாராவது சொல்லும்வரை காத்திருக்கலாம். அந்தப் பதிலுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது வீண் இல்லை.

நான்கு கட்டம்

1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாரதி ஃபிரேயரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. தாளை நான்காக மடித்து நடுவில் சொல். கட்டங்களில் வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எதிர்-எடுத்துக்காட்டு. ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும், ஆகவே இருபது சொல்லுக்கும் போட நினைத்தால் இயலே அதில் முடிந்துவிடும். ஓர் இயலில் இரண்டு அல்லது மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். சாய்சதுரம், சரிவகம், வடிவொத்தவை போல, வரையறைக்கும் பண்புக்கும் வேறுபாடு தெரிய வேண்டிய சொற்களுக்கு மட்டும்.

வரையறைக் கட்டத்தை முதலில் நிரப்பச் சொன்னால் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதிவிடுவார்கள், மற்ற மூன்றும் அலங்காரமாகிவிடும். பின்னிருந்து நிரப்பச் சொல்லுங்கள்: எடுத்துக்காட்டு, எதிர்-எடுத்துக்காட்டு, பண்புகள், கடைசியில் வரையறை. சாய்சதுரத்தின் எதிர்-எடுத்துக்காட்டுக் கட்டத்தில் பட்டம் கட்டாயம் இருக்கட்டும். மூலைவிட்டங்கள் அதிலும் செங்குத்தாகவே வெட்டும். அந்த ஒரு பண்பை வைத்துக்கொண்டு சாய்சதுரம் என்று முடிவு செய்ய முடியாது என்பது அங்கேதான் விளங்கும்.

பேசவைத்தல்

உறவுச் சொற்களுக்கு இதுதான். ஒன்றுவிட்ட கோணத்தை எத்தனை முறை எழுதினாலும் தங்காது. நான்கு முறை சொல்லிப் பார்த்தால் தங்கும்.

ஏழாம் வகுப்பின் இணைகோடுகள் பாடத்தில் தொடங்கலாம். வராண்டாவில் சாக்பீஸால் 2 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடுகள், அவற்றை வெட்டும் குறுக்குவெட்டி ஒன்று. உண்டாகும் எட்டு இடங்களில் எட்டு மாணவர். "எனக்கு ஒத்த கோணம் யாரு?", "எனக்கு ஒன்றுவிட்ட உட்கோணம் கை தூக்கு." ஒத்த கோணச் சோடிகள் நான்கு, ஒன்றுவிட்ட உட்கோணச் சோடிகள் இரண்டு, ஒன்றுவிட்ட வெளிக்கோணச் சோடிகள் இரண்டு என்று மாணவரே எண்ணிவிடுவார்கள். "ஒன்றுவிட்ட அண்ணன்" என்று வீட்டில் புழங்கும் சொல்லே இது என்று சொன்னால் பயம் போகும்: நேரே பக்கத்தில் உள்ளதை விட்டு, குறுக்குவெட்டிக்கு மறுபக்கம் போக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் வரையும் இரண்டு கோடுகளும் இணையாக இருக்கக் கூடாது. பெயர்கள் எல்லாவற்றையும் இணையில்லாத கோடுகளில் பழக்கிவிட்டு, அடுத்த நாள்தான் இணைகோடுகளுக்கு வர வேண்டும். ஒத்த, ஒன்றுவிட்ட என்பவை இடத்தின் பெயர்கள். சமம் என்பது கோடுகள் இணையாக இருந்தால் வரும் முடிவு. இணைகோடுகளிலேயே தொடங்கினால், "ஒத்த" என்ற சொல்லும் சேர்ந்துகொண்டு, ஒத்த கோணம் என்றாலே சம கோணம் என்று பதிந்துவிடும். பிறகு "இந்தக் கோடுகள் இணையா என்று காண்க" என்ற கணக்கில், நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டு விடை எழுதுவார்கள். வாங்கும் மதிப்பெண் பூஜ்யம், அவர்களுக்குக் காரணமும் தெரியாது.

நாற்கரங்களுக்கும் வட்டத்துக்கும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து வரைவது பொருத்தம். ஒருவர் கையில் படம், மற்றவர் கையில் வெற்றுத்தாளும் அளவுகோலும். கை அசைக்கக் கூடாது. "இது", "அது", "வீடு மாதிரி" என்று சொல்லவும் கூடாது. நான்கு நிமிடம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, இடம் மாற வேண்டும். முதல் சுற்றில் சொற்பட்டியல் கொடுக்காதீர்கள். சொல் இல்லாமல் திண்டாடிய பிறகு பலகையில் ஐந்து சொற்களை எழுதினால் அவற்றின் அருமை தெரியும். 40 பேர் வகுப்பில் சத்தம் இருக்கத்தான் செய்யும். நன்றாகப் படிப்பவரே எப்போதும் சொல்பவராக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான சொல்லையும் புரிந்துகொண்டு சரியாக வரைந்துவிடும் கூட்டாளிகளும் உண்டு. அதனால் சுற்றி வரும்போது காதில் விழும் மூன்று தவறான வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்தவையுங்கள்.

பேசவைக்கும்போது எழுத்துத் தமிழைக் கேட்டு வாயை அடைத்துவிட வேண்டாம். "இது ரெண்டும் ஒன்றுவிட்ட உட்கோணம், கோடு ரெண்டும் இணை, அதனால சமம்" என்று ஒரு மாணவி சொன்னால் அது முழுமையான கணித வாக்கியம். கலைச்சொல் பிசகாமல் இருக்க வேண்டும், சுற்றியுள்ளது வீட்டுத் தமிழாக இருக்கட்டும். "ஒண்ணுபோல போகுது" என்று சொன்னால் மட்டும் "இணையாப் போகுதுன்னு சொல்றியா? எப்படித் தெரிஞ்சுது?" என்று சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்.

சுவரும் கணினியும்

சொற்சுவர் நினைவூட்டும், கற்பிக்காது. பின்வரிசைக்குத் தெரிய எழுத்து 5 செ.மீ. உயரமாவது வேண்டும், ஒரு நேரத்தில் 20 சொல்லுக்கு மேல் வேண்டாம், படங்களைச் சாய்த்தும் திருப்பியும் வரைய வேண்டும். இயல் முடிந்ததும் கழற்றுங்கள். ஆண்டு முழுக்கத் தொங்கும் விளக்கப்படத்தை யாரும் பார்ப்பதில்லை.

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், திரையில் வடிவம் வரைந்து இழுத்துப் பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ரா இலவசமாகக் கிடைக்கும். முனையைப் பிடித்து இழுக்க இழுக்க எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பதில் அதற்கு நிகரில்லை. உயரம் முக்கோணத்தை விட்டு வெளியேறும் கணத்தை அட்டையில் காட்ட முடியாது. ஆனால் இழுக்கும்போது மாணவர் சொல்லைப் பயன்படுத்திப் பேசவில்லை என்றால் அது வேடிக்கையாக முடிந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லை எப்போது சேர்ப்பது

இரண்டையும் முதல் நாளே தருவது ஒரு வழி, தமிழ்ச் சொல் நிலைத்தபின் தருவது இன்னொரு வழி. எட்டாம் வகுப்பு வரை இரண்டாவதே நல்லது. பொருள் பிடிபடாத நேரத்தில் இரண்டு ஓசைகளைச் சுமக்க வைத்தால் இரண்டும் கலங்கும். "ரைட் ஆங்கிள்" என்பதை வலப்பக்கக் கோணம் என்று கொண்டு, இடப்பக்கம் திறந்ததை "லெஃப்ட் ஆங்கிள்" என்பார்கள். செங்கோணம் உறுதியாகத் தெரிந்தபின் அந்தக் குழப்பம் வராது. இயலின் கடைசி வேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, நோட்டில் இரண்டு பத்தியாக எழுதவைத்தால் போதும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டையும் சேர்த்தே புழங்கலாம். மேல்நிலையில் ஆங்கிலவழிக்குப் போகிறவர்கள் முதல் மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, சொல்லில்தான்.

இணையத்தில் பாடம் தேடும் மாணவருக்கு இரண்டு எச்சரிக்கை. அமெரிக்கக் காணொளிகளில் டிரபிசாய்டு என்பது நம் பாடநூலின் டிரபீசியம், அதாவது சரிவகம். இலங்கைத் தமிழ்ப் பாடங்கள் மிக நன்றாக இருக்கும், ஆனால் சொற்கள் வேறு: முக்கோணத்துக்கு முக்கோணி, நாற்கரத்துக்கு நாற்பக்கல், கர்ணத்துக்குச் செம்பக்கம், குறுங்கோணத்துக்குக் கூர்ங்கோணம், ஆரத்துக்கு ஆரை. கூர்ங்கோணம் நம்முடையதைவிட நல்ல சொல் என்றே சொல்ல வேண்டும். கூர்மை என்றால் கையின் நீளத்தைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் குறுங்கோணத்தை விளக்கும்போது அந்தச் சொல்லையும் ஒருமுறை சொல்வதில் தவறில்லை.

ஓர் இயலுக்குக் கணக்குப் போட்டால்

இருபது சொற்களில் எட்டுக்குப் பிரித்துக் காட்டுதல், சொல்லுக்கு ஐந்து நிமிடம். ஆறுக்கு நேரடி வரையறை. தரையை நம்பும் சொற்கள் இரண்டுக்கு அட்டைகள், தலா 15 நிமிடம். இரண்டுக்கு நான்கு கட்டம். இரண்டு உறவுச் சொற்களுக்கு ஒரு முழு வேளை பேச்சு. மொத்தம் நான்கு வேளைக்குள் அடங்கும், அதுவும் பாடத்தோடு கலந்தே. பத்தாம் வகுப்பில் 8 மதிப்பெண் வரைதல் கேள்வியில் "ஒத்த பக்கங்களின் விகிதம் 3/5 என அமையுமாறு" என்ற வரியைப் படித்துவிட்டு, புதிய முக்கோணம் சிறியதா பெரியதா என்று தெரியாமல் கவராயத்தை எடுப்பவர்களைப் பார்த்தால், இந்த நேரம் எட்டாம் வகுப்பிலேயே செலவழிந்திருக்கலாமே என்று தோன்றும்.

சொல் தங்கியதா என்று பார்க்க, கற்பித்த இரண்டாம் நாளும் இரண்டு வாரம் கழித்தும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்று வரை, ஒரே பண்பில் தவறும் ஒன்று வரை, பிறகு "எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை" என்ற மூன்றில் ஒன்று சொல். "சதுரம் சாய்சதுரமாகும்." "சாய்சதுரம் சதுரமாகும்." "குத்தெதிர் கோணங்கள் சமம்." "ஒத்த கோணங்கள் சமம்." கடைசி வாக்கியத்துக்கு "எப்போதும்" என்று பலர் எழுதினால், வராண்டாவில் வரைந்த முதல் இரண்டு கோடுகள் இணையாக இருந்துவிட்டன என்று பொருள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போக வேண்டியதுதான்.